காற்று போன சகலை

மூன்று லட்சத்து நாற்பதாயிரத்து ஐந்நூறு!

ஃபிட்டர் தன் சகலைக்குக் கொடுக்க வேண்டிய கடன் அது.

கொடுத்தவன் ஒரு நாள்கூடத் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டை போட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளலாம். கேட்கவே மாட்டான். பார்க்கும்போதெல்லாம் சிரிப்பான்.

அந்தச் சிரிப்புக்குத்தான் ஃபிட்டர் வட்டி கட்டிக்கொண்டிருந்தான்... வயிற்றெரிச்சலாய்!

போன் அடித்தது.

டயர் கம்பெனியின் டெஸ்டிங் ஷெட். நடுவில் ஆளுயர இரும்பு உருளை 'ங்ங்ங்ங்...' என்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு டயரை அழுத்தி ஓடவிட்டிருந்தார்கள். பொட்டுக் காற்று இல்லாத டயர்!

ஓரமாய்க் குந்தியிருந்த ஃபிட்டர், இன்னொரு டயரின் வால்வில் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ரப்பரும் இரும்பும் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப் போன கை. கொதிக்கிற டீ டம்ளரைக்கூடக் கூசாமல் பிடிக்கும்.

ஃபோர்மேன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் ரிசீவரை வைத்தார்.

"யாரு? போலீஸா? சத்தமா சொல்லுங்க... என்னது!"

அவர் முகம் வெளுத்தது.

"மிஷினை நிறுத்துங்கடா!"

உருளை முனகிக்கொண்டே நின்றது.

"நம்ம டிசைனரு... ரோட்டோரமா விழுந்து கெடந்தாராம். மண்டையில அடிச்சிருக்கானுங்க. உயிர்... உயிர் போயிடுச்சாம்!"

ஃபிட்டரின் கையிலிருந்து சோப்புத் தண்ணீர் டப்பா நழுவி விழுந்தது.

நழுவவிட வேண்டும் என்று அவன் மத்தியானமே முடிவு செய்து வைத்திருந்தான்.

*

அந்த டிசைனர்தான் சகலை. ஃபிட்டர் கட்டியது அக்காவை. டிசைனர் கட்டியது தங்கச்சியை.

"இந்தக் கம்பெனி கேட்டுக்குள்ள அவனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்ததே நான்தான்" என்று ஃபிட்டர் சொல்லாத நாள் கிடையாது. பொய்யில்லை. ஆனால் வந்தவன் மாடி ஏறிவிட்டான். கூட்டி வந்தவன் கிரீஸோடு கீழேயே நின்றான்.

மாமியார் வீட்டில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று. அது சின்ன மாப்பிள்ளைக்கு.

"மாப்ளே, ஃபேனுக்கு நேரா உக்காருங்க!"

பெரியவனுக்கு ஸ்டூல்.

"ஏம்ப்பா, சும்மாதானே உக்காந்திருக்கே... அந்தக் குழாய் ஒழுகுது, என்னன்னு பாரேன்."

சொந்த வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே பாட்டு.

"என்னங்க, எந்தங்கச்சி வீட்டுல புது வாஷிங் மிஷின் வாங்கியிருக்காங்க. அவரே துணியெல்லாம் காயப் போடறாரு!"

"அவனுக்கு மாடியில வேலை. கை வலிக்காது. போடுவான்."

"கூரை இடிஞ்சப்போ பணம் கொடுத்தாரே, அப்பவும் கை வலிக்கல அவருக்கு."

சுருக்கென்று இறங்கும். சாப்பாடு இறங்காது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த டயர்!

ஆணி குத்தட்டும், கண்ணாடி கிழிக்கட்டும்... காற்று முழுக்கப் போனாலும் வண்டியை உட்காரவிடாத டயர். பக்கவாட்டுச் சுவருக்குள் தடிமனாய் ரப்பர் கொடுத்திருப்பார்கள். காற்று போனதும் அந்தச் சுவரே வண்டியைத் தாங்கும். ரப்பர் கெட்டியாகப் போனால் வண்டி எலும்பைக் குலுக்கி எடுத்துவிடும். மெத்தென்று போனால் சூட்டிலேயே வெந்து கிழிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம். கம்பெனி வருஷக்கணக்காய் டயர் டயராய் எரித்துத் தேடிய பதம்.

சகலை பிடித்துவிட்டான்!

என்றோ ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் ஃபிட்டர் சொல்லியிருந்தான். "சுவரு தடிப்பா இருந்தா வீடு விழாதில்ல சகலை?" அவ்வளவுதான். அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு, 'டயரே என் ஐடியா... திருடிட்டான்... திருடிட்டான்...' என்று உள்ளுக்குள் அரைத்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த வாரம் பெரிய பெரிய கார் கம்பெனிக்காரர்கள் டயரைப் பார்க்க வருகிறார்கள். சகலை கோட்டு மாட்டிக்கொண்டு முன்னால் நிற்பான். ஃபிட்டர் அவன் காலடியில் குந்தி ஜாக்கி போடுவான்.

அந்தக் காட்சி கண்ணுக்குள் ஓட ஆரம்பித்ததிலிருந்து ஃபிட்டருக்குத் தூக்கம் போனது.

சகலை தினமும் டெஸ்ட் காரிலேயே வீட்டுக்குச் சாப்பிடப் போவான். இன்று மத்தியானம் அந்த ஆளில்லாத மரவரிசை ரோட்டில், பைக்கை ஓரங்கட்டிவிட்டு ஃபிட்டர் கை காட்டினான்.

கார் நின்றது. நிற்கும் என்று தெரியும். அவன் கை காட்டினால் சகலை நிற்காமல் போனதே இல்லை.

"என்னண்ணே, பைக் மக்கர் பண்ணுதா? உங்க கைக்கே மசியலையா?" சிரித்துக்கொண்டே குனிந்தான். "இந்தக் கையைப் பாத்து நான் எத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமாண்ணே... எனக்கு மட்டும் இப்படி ஒரு கை இருந்துச்சுன்னா..."

சொல்லி முடிக்கவில்லை.

இரும்புக் குழாய். ஒரே அடி!

மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தான். காற்று வரவில்லை.

அதற்கப்புறம்தான் மூளை வேலை செய்தது. பழைய இரும்புக் கடையில் வாங்கி வைத்திருந்த ஜாக்கியைக் காருக்கு அடியில் கொடுத்தான். பின் சக்கரத்தின் காற்றை இறக்கினான். சக்கரத்தைக் கழற்றித் தரையில் போட்டான். பர்ஸையும் செல்போனையும் எடுத்துக்கொண்டான். பஞ்சர் பார்க்க இறங்கினவனை வழிப்பறிக்காரன் அடித்துப் போட்ட மாதிரி ஒரு ஜோடனை.

ஆனால் அந்தக் கார் பஞ்சருக்கு நிற்காது! அதில் ஸ்டெப்னியும் கிடையாது, ஜாக்கியும் கிடையாது. கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படியானால் இந்த ஜோடனை செய்தவன் யார்?

டயரைப் பற்றி ஒன்றுமே தெரியாத வெளியாள்!

போலீஸ் அப்படித்தானே நினைக்கும்? நினைக்கட்டும். தன்னை முட்டாளாக்கிக் காட்டித் தப்பிக்கிற அளவுக்குத் தான் புத்திசாலி என்று ஃபிட்டர் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

*

மரவரிசை ரோடு. ஒரு பக்கம் தூக்கி நின்றது கார். தரையில் ரத்தம் உறைந்த ஒரு திட்டு.

இன்ஸ்பெக்டர் அம்மா கன்னத்தில் ஒரு பெப்பர்மின்ட்டை அதக்கிக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் ஏட்டு, தொப்பைக்கு மேலே கையைக் கட்டிக்கொண்டு.

"பாடி எங்க மேடம்?" என்றார் ஃபோர்மேன்.

"ஆஸ்பத்திரியில. நாளைக்குத்தான் பாக்க விடுவாங்க." ஃபிட்டர் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

"சகலைங்க..." ஃபிட்டர் குரலை உடைத்தான். "கூடப் பொறக்காத தம்பிங்க எனக்கு..."

"கூடப் பொறக்காத தம்பி, கூடப் பொறக்காத அண்ணன்..." ஏட்டு முணுமுணுத்தார். "பாதிக் கேஸு இவங்களாலதான் வருது."

"யோவ் ஏட்டு!"

"சும்மா சொன்னேங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் கார் பக்கம் கையை நீட்டினாள். "பஞ்சராயிருக்கு. இறங்கி வீல் மாத்தியிருக்காரு. பின்னாலேருந்து எவனோ போட்டுத் தள்ளிட்டான். அப்படித்தானே?"

"இல்லவே இல்ல மேடம்!" ஃபோர்மேன் பதறினார். "இந்த வண்டி பஞ்சரானா நிக்காது!"

"அப்படின்னா?"

"காத்து போனாலும் அது பாட்டுக்கு ஓடும். ஓட்டறவருக்கே தெரியாது. முன்னாடி ஒரு லைட் எரிஞ்சாத்தான் தெரியும். ஸ்டெப்னி, ஜாக்கி எதுவும் வைக்கவே மாட்டோம். வைக்க எடமே கெடையாது!"

"அப்போ இந்த ஜாக்கி ஏது?"

"எங்களுது இல்லைங்க."

ஃபிட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, விரலிடுக்கு வழியாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஓஹோ..." என்றாள். "அப்போ அடிச்சவனுக்கு டயரைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது."

'அப்படிச் சொல்லு தாயி!' ஃபிட்டரின் நெஞ்சுக்குள் பட்டாசு வெடித்தது.

கழற்றிப் போட்டிருந்த சக்கரத்தின் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். உற்றுப் பார்த்தாள். வாய்க்குள் உருண்டுகொண்டிருந்த பெப்பர்மின்ட் ஒரு விநாடி நின்றது. மறுபடியும் உருள ஆரம்பித்தது.

"ஏட்டு, இந்த வீலை பத்திரமா ஜீப்புல ஏத்துங்க."

"இந்த வயசுல எனக்கு வீல் தூக்கற வேலை..."

ஃபோர்மேன் மூக்கை உறிஞ்சினார். "மகராசன்! இனிமே இந்த டயருக்கு அவர் பேரையே வச்சிடறதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. ஷெட்டு வாசல்ல அவர் படம் மாட்டப் போறோம். ஆளுயரத்துக்கு!"

ஃபிட்டருக்கு அடிவயிற்றில் யாரோ தீக்குச்சி கிழித்தார்கள்.

'செத்தும் முந்திக்கிட்டானே...!'

*

சாயங்காலம், கொழுந்தியாள் வீடு.

ஃபிட்டரின் பெண்டாட்டி தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, "எங்க வீட்டுத் தூணே போச்சேடீ!" என்று கதறினாள்.

'தூணாம்! அப்போ நான் யாரு, தட்டுமுட்டுச் சாமானா?'

கொழுந்தியாள் அழவில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அதைப் பார்த்ததில் ஃபிட்டருக்கு ஒரு அல்ப சந்தோஷம். கட்டினவளே அழவில்லை!

ஹாலின் நடுவில் சகலையின் நாற்காலி. கை வைத்தது, மெத்தை போட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதில் உட்கார அவனுக்கு வாய்க்கவில்லை. மெதுவாகப் போனான். உட்கார்ந்தான். அட, என்ன சொகுசு!

"மாமா..."

கொழுந்தியாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"அதுல உக்காராதீங்க. அவரு வந்து உக்காருவாரு."

பெண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

'பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு' என்று ஃபிட்டர் எழுந்தான். எழுந்தவன் நேரே போய் ஸ்டூலில் உட்கார்ந்தான். யாரும் சொல்லாமலே, பழக்கதோஷத்தில்!

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஆள் போன பின்னும் நாற்காலி அவனுக்கு, ஸ்டூல் இவனுக்கு!

சரி, போகட்டும். அந்தக் கடன் தீர்ந்தது. புத்தி பேதலித்தவளா கணக்குக் கேட்கப் போகிறாள்?

*

மறுநாள் காலை. ஷெட்டுக்குள் ஜீப் வந்து நின்றது.

"டயரைப் பத்தி எனக்குக் கொஞ்சம் பாடம் எடுங்க" என்றாள் இன்ஸ்பெக்டர். "கார் ஓட்டத் தெரியுமே தவிர, வீல் கழட்டத் தெரியாது. அடிச்சவன் எப்படிக் கழட்டியிருப்பான், எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்னு பாக்கணும். மத்த ரெண்டு ஃபிட்டரும் காட்டிட்டாங்க. நீங்க ஒரு தடவை காட்டுங்க."

"அதுக்கென்ன மேடம்!"

இரண்டாவது டெஸ்ட் கார் நின்றிருந்தது. ஷெட்டு ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். ஃபிட்டருக்குப் பெருமை தாங்கவில்லை. சகலைக்குக் காட்டின மரியாதையில் ஒரு துண்டு இன்றைக்கு அவன் பக்கமும் விழுந்திருக்கிறது!

"இப்படி நட்டைக் கொஞ்சமா இளக்கிக்கணும். அப்புறம் ஜாக்கி. வண்டி தூக்கினதும் முழுசாக் கழட்டணும்..."

கை வேலை பார்த்தது. வாய் பாடம் எடுத்தது. சக்கரத்தை இழுக்கும் முன் வலது கை தானாக மேலே போனது. காதிடுக்கிலிருந்து மஞ்சள் சாக்பீஸை எடுத்தது. போல்ட்டின் நுனியில் ஒரு பெருக்கல் குறி. அதை ஒட்டி, சக்கரத்தின் ஓட்டை ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி. சாக்பீஸ் மறுபடி காதுக்குப் போனது.

"ஒரு நிமிஷம்!" என்றாள். "அது என்ன?"

"எது மேடம்?"

"இப்ப வரைஞ்சீங்களே."

"ஓ, இதுவா!" சிரித்தான். "டெஸ்ட் வண்டி மேடம். எந்த ஓட்டை எந்த போல்ட்டுல இருந்துச்சோ, திரும்ப அதே போல்ட்டுலதான் மாட்டணும். மாறிச்சுன்னா டெஸ்ட் கணக்கே தப்பாயிடும். மாட்டி முடிச்சதும் துணியால அழிச்சிடுவோம். வருஷக்கணக்கா போட்டுப் போட்டு... எனக்கே தெரியாம கை போட்டுக்கும்!"

"உங்களுக்கே தெரியாம?"

"ஆமாங்க."

"ஏட்டு... அந்த வீல்."

ஏட்டு முக்கி முனகி ஜீப்பிலிருந்து சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து ஃபிட்டரின் காலடியில் சாய்த்தார்.

நேற்று ரோட்டில் கிடந்த சக்கரம்.

ஓட்டை ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி. மஞ்சள்!

ஃபிட்டர் குனிந்து பார்த்தான். எப்போது போட்டான்? சத்தியமாக ஞாபகம் இல்லை. நட்டுகள் வழுக்கின, காதில் ரத்தம் இரைந்தது... நடுவில் எப்போது இந்தப் பாழாய்ப் போன கை காதுக்குப் போனது?

"கார்ல இருக்கிற போல்ட்டுலயும் இதே குறி இருக்கு." இன்ஸ்பெக்டர் பெப்பர்மின்ட்டைக் கடித்து நொறுக்கினாள். "எனக்கு ஒண்ணுதான் புரியல. அடிச்சுப் போட்டுட்டு ஓடப்போற வழிப்பறிக்காரன், வீலைத் திரும்ப அதே எடத்துல மாட்டறதுக்கு எதுக்குக் குறி போடறான்?"

ஷெட்டு ஆட்கள் ஃபிட்டரின் காதிடுக்கைப் பார்த்தார்கள்.

"மத்த ரெண்டு பேரும் வெள்ளை பெயின்ட் பேனாவால கோடு போடறாங்க. மஞ்சள் சாக்பீஸு, பெருக்கல் குறி... ஒருத்தர்தான்."

ஃபிட்டர் சுதாரித்தான். "அது... அது முந்தாநாள் போட்டதா இருக்கும்! தினமும் இந்த வண்டிக்கு வீல் மாட்டறவனே நான்தான். அழிக்க மறந்திருப்பேன்! என் குறி இல்லாம வேற எவன் குறி இருக்கும் இதுல?"

"வாஸ்தவம்" என்றாள். "உங்க வக்கீலும் இதையேதான் சொல்வாரு."

"நேத்து மத்தியானம் நான் அந்தப் பக்கமே போகலை! பாத்தவன் இருந்தா கொண்டாந்து நிறுத்துங்க!"

"நிறுத்த முடியாது. அவரால இப்போ எழுந்து நிக்க முடியாது."

"யாரால?"

அவள் செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. எடுத்தார்கள். கொர் கொர்ரென்று மூச்சு. அப்புறம் ஒரு குரல். மெலிந்த குரல். தெரிந்த குரல்!

"அண்ணே...?"

ஷெட்டே ஒரு அடி பின்னால் நகர்ந்தது. ஃபோர்மேன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்களா? நல்லா இருக்கீங்களாண்ணே? கண்ணு முழிச்சதுலேருந்து கேக்கறேன், யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அவனுங்க உங்களையும் அடிச்சிட்டானுங்களா? நீங்க என் பக்கத்துலதானே நின்னுட்டிருந்தீங்க..."

ஃபிட்டரின் முகத்திலிருந்து ரத்தம் வடிந்து போனது. கண்கள் பிதுங்கின. சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது.

"பொய்யி! நான் மூக்குல வெரல வச்சுப் பாத்தேனே... காத்தே வரலையே!"

எதிரொலி தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது.

போனில் மூச்சு மட்டும்.

"நேத்து நினைவு தப்பியிருந்தாரு" என்றாள் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "பொழைச்சுட்டாருன்னு தெரிஞ்சா, அடிச்சவன் ஆஸ்பத்திரிக்கே வந்து மிச்சத்தை முடிப்பான். அதான் செத்துட்டாருன்னு சொல்லச் சொன்னேன். அவர் சம்சாரத்துக்கு மட்டும்தான் தெரியும். காலையில முழிச்சாரு. கடைசியா உங்க கூட நின்னதைச் சொன்னாரு. ஆனா நீங்க அடிச்சிருப்பீங்கன்னு நான் சொன்னதுக்கு, என்கிட்டயே சண்டைக்கு வந்துட்டாரு. 'எங்கண்ணனைக் கேட்டுப் பாருங்க'ன்னாரு. கேட்டுட்டோம்."

"அண்ணே..." என்றது போன். இப்போது அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இல்லை. "அந்த மூணு லட்சத்து நாப்பதாயிரத்து ஐந்நூறு..."

ஃபிட்டர் நிமிர்ந்தான்.

"வேண்டாம். கொடுக்க வேண்டாம். உங்களுக்கும் எனக்கும் கணக்கு முடிஞ்சுது."

டொக்!

எந்தச் சிரிப்பைப் பார்த்து எரிந்தானோ, அந்தச் சிரிப்பு இனி கிடையாது. எந்தக் கடனை நினைத்துப் புழுங்கினானோ, அந்தக் கடனும் கிடையாது. ஃபிட்டர் சக்கரத்தின் பக்கத்தில் அப்படியே மடங்கி உட்கார்ந்தான். காற்று இறங்கின சாதா டயர் மாதிரி!

ஏட்டு விலங்கோடு குனிந்தார். மாட்டுகிற முன், அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செருப்புத் தோல் மாதிரி தடித்த விரல்கள். கீழே, நேற்று கவிழ்ந்த டப்பாவின் பக்கத்தில் சோப்பு நுரை காய்ந்த தடம்.

"காத்து வருதான்னு பாக்க வெரலையாய்யா வைப்பே?" என்றார். "தொழில் தெரிஞ்ச ஆளு... சோப்புத் தண்ணி போட்டுப் பாத்திருக்க வேண்டாமா!"